நசுங்காத எலுமிச்சம்பழங்கள்

நேற்று அக்காள் மகன் வாட்சாப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். பழைய கார் ஒன்றை வாங்கி, எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்களைக் கழற்றிவிட்டு ஹெடர் மாட்டுகிறானாம். 'மாமா, ஸ்டார்ட்டர் இடிக்குது. சின்னதா போட்டா தாங்குமா?' என்று கேள்வி. போயும் போயும் என்னிடம் கேட்டிருக்கிறான் பாருங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கிருந்தோ எலுமிச்சை வாசனை வந்தது.

எண்பதுகளில் நாங்கள் அந்த ஹெடரை எக்ஸ்ட்ராக்டர் என்போம். ஈஜோக் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்துகொண்டு ரவாங் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன காலம். என்னைவிட வயதில் மூத்த ஒரு பிரிட்டிஷ் கார் வைத்திருந்தேன். காருக்குத் துரு, எனக்குத் திமிர். கூட வேலை பார்த்த ஆரோக்கியம்தான் எக்ஸ்ட்ராக்டர் மாட்டிக் கொடுத்தான். நான்கு குழாய்களும் வளைந்து வந்து, எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரை உரசிக்கொண்டு நின்றன.

"ஜப்பான் காரோட சின்ன ஸ்டார்ட்டர் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், அதப் போட்டுக்க லா. இது பைப்போட ஒட்டிக்கிட்டு கெடக்கு. சூடேறுச்சுன்னா சுத்தாது."

நான் கேட்பேனா? பழையது அம்மிக் குழவி கனம். கனம்தான் பலம் என்பது அன்றைய என் விஞ்ஞானம். "பால் டின்ன வச்சா எஞ்சின சுத்தப் போற?" என்று என் அம்மாவின் முன்னாலேயே அவனைக் கிண்டல் செய்தேன். அம்மாவும் சிரித்தாள்.

சரஸ்வதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு. கேண்டீனில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். "மொறையா வீட்டுக்கு வந்து கேளுங்க" என்று ஒருநாள் அவளே சொல்லிவிட்டாள். வீடு சுங்கை ஆயர் தாவாரில்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். என் பக்கத்தில் தாம்பூலத் தட்டோடு அம்மா, பின்னால் ஆரோக்கியம். கோல சிலாங்கூர் தாண்டியதும் சாலையோரம் முனீஸ்வரன் கோயில். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி அங்கே நிற்காமல் போகாது. எஞ்சினை அணைத்து, சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு புறப்பட வேண்டும்.

சாவியைத் திருப்பினேன். டொக். மறுபடியும் டொக். சக்கரத்தடியில் பழங்கள் முழுசாக இருந்தன. அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"முனியையா வழி விடல. திரும்பு."

"சூடும்மா," என்றான் ஆரோக்கியம். "கொஞ்சம் ஆறட்டும். இல்லாட்டி நான் தள்ளுறேன்."

"பொண்ணு கேக்கத் தள்ளிக்கிட்டா போறது? நீ மாதா கோயில்காரன், ஒனக்கு இதெல்லாம் தெரியாது." என் பக்கம் திரும்பினாள். "நெசமாவே சூடுதானாடா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவன் சொன்னதுதான் சரி என்று அவன் எதிரிலேயே ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அம்மா முடிவாக, "வீட்டுக்கே போலாம், எடு" என்றாள். ஆரோக்கியம் இறங்கி, பழங்களைப் பொறுக்கி ஓரமாக வைத்தான். சாவியைத் தொட்டதும் எஞ்சின் உறுமியது.

"பாத்தியா? வீட்டுக்குன்னதும் கெளம்புது!"

மறுநாள் கேண்டீனில் சரஸ்வதி உட்காரவில்லை, நின்றபடியே கேட்டாள். "சமைச்சு வச்சிட்டு சாயங்காலம் வரைக்கும் வாசல்லயே நின்னோம். தள்ளிக்கிட்டாவது வந்திருக்கலாம்ல?" அந்த வருடமே அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. பால் டின் ஸ்டார்ட்டரை அடுத்த வாரமே மாட்டிவிட்டேன். எந்தச் சூட்டிலும் ஒரே தொடுதலில் கிளம்பும். போவதற்குத்தான் வீடு இல்லை.

இப்போது லயம் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி. சாலையை அகலமாக்கியபோது கோயில் உள்ளே தள்ளிப்போய்விட்டது, வண்டிகள் நிற்பதில்லை. கார் பழைய இரும்புக்குப் போனது. அம்மா போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத ஆரோக்கியமும் போன வருடம் போய்விட்டான்.

அக்காள் மகனுக்குப் பதில் எழுதினேன். 'சின்னதே போடு. ஆரோக்கியம் மாமா அப்பவே சொன்னாரு.' அனுப்பிவிட்டேன். அதை என் வாயால் அன்றே கேட்டிருக்க வேண்டிய மூன்று பேரில் ஒருவரும் இப்போது பக்கத்தில் இல்லை.