வலப்பக்கம்

எங்கள் குலதெய்வக் கோயிலில் பூ கேட்காமல் எதையும் தொடங்க மாட்டோம். நிலம் வாங்கினாலும், பெண் பார்த்தாலும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி எடுத்தாலும், அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் ஈரப்பூவை ஒட்டிவைத்துக் காத்திருப்போம். வலப்பூ விழுந்தால் சம்மதம். இடப்பூ விழுந்தால் கூடாது.

நான் கேட்கப் போனது என் வலது மார்பைப் பற்றி. அதிலிருந்த கட்டி புற்றுதான் என்று சேலத்தில் சொல்லிவிட்டார்கள். மார்பை முழுதாக எடுத்தால் பிழைக்கலாம், தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர். அதற்கும் பூ கேட்டாக வேண்டும் என்று என் கணவர் பிடிவாதம் பிடித்தார். நான் மறுக்கவில்லை. பக்தியெல்லாம் காரணமில்லை. அம்மனே வேண்டாம் என்றுவிட்டால் தேவலை என்று ஒரு நப்பாசை. எடுத்துவிட்டால் பாதிப் பெண்ணாகிவிடுவேன் என்று பயந்துகிடந்தேன்.

இடப்பூ விழுந்தது.

“வேண்டாமுன்னு உத்தரவுங்க,” என்றார் பூசாரி. கணவருக்கு முகம் தெளிந்தது. ஆசைப்பட்டது கிடைத்தும் எனக்கு நிம்மதி வரவில்லை.

திரும்பும் வழியில் திருச்செங்கோட்டில் காபிக்கு நிறுத்தினோம். பக்கத்தில் சாமி படம் விற்கும் கடை. கடை வாசலில், அந்த ஊர் மலைக்கோயில் அர்த்தநாரீஸ்வரரின் ஆளுயரப் படம். எனக்கு அந்த உருவம் அத்துபடி. வெள்ளிக்கிழமை மன்றத்தில் பெண்களுக்குப் புராணங்களின் உட்பொருள் சொல்கிறவள் நான். வலப்பக்கம் அறிவு, இடப்பக்கம் ஆற்றல், இரண்டும் சேர்ந்ததே மெய் என்று மூச்சுவிடாமல் பேசுவேன். கைதட்டுவார்கள். அன்று காபி டம்ளரும் கையுமாக நின்றபோது அறிவும் தெரியவில்லை, ஆற்றலும் தெரியவில்லை. இடது பக்கம் ஒரு மார்பு இருந்தது. வலது பக்கம் தட்டையாக இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

“ஏனுங்க, நாளைக்கே சேலம் போயி எடுத்துரலாமுங்க,” என்றேன்.

“ஆத்தா உத்தரவ மீறறதா? அதுவுமில்லாம...” என்று இழுத்தவர், என் கழுத்துக்குக் கீழே பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் அதே பயம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. கோபம் வரவில்லை. படத்தைக் காட்டினேன்.

“இந்தச் சாமிக்கும் ஒரு பக்கந்தானுங்க. நீங்க கும்புடாமயா இருக்கீங்க?”

அவர் படத்தின் முன் போய், பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வெறுங்காலோடு என் பக்கம் திரும்பினார்.

“காத்தால எத்தன மணிக்குக் கெளம்போணும்?”