மரவட்டைக்காகப் பின்னால் நடந்தோம்

கிரிவலப் பாதையில் ஒரு புளியமரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் என் நான்கு வயது மகனுக்கு ஞாபகம் வருகிறது. டிபன் டப்பாவை மரத்தடியிலேயே வைத்துவிட்டான். உள்ளே, நேற்றைய மழைக்கு வெளியே வந்து அவனிடம் மாட்டிக்கொண்ட மரவட்டை இருக்கிறது. அது இல்லாமல் வரமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிடுகிறான்.

நான் திரும்பி ஓடப் பார்க்கிறேன். மனைவி சட்டையைப் பிடித்து நிறுத்துகிறாள்.

“மலை நமக்கு வலப்பக்கம் இருக்கணும். திரும்பினா இவ்ளோ நேரம் நடந்ததெல்லாம் வீண்!”

ஓரமாக அவித்த வேர்க்கடலை விற்கும் அக்கா எங்கள் பஞ்சாயத்தைக் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்.

“இதுக்கு இன்னாத்துக்குமா சண்ட? மூஞ்சத் திருப்பாம அப்படியே பின்னாடி நடந்து போங்க. மல அதே பக்கந்தான இருக்கும்?”

மனைவி வலக்கையை நீட்டி மலையைச் சரிபார்க்கிறாள்.

“அக்கா சொல்றது சரிதாங்க.”

மூவரும் கைகோத்துப் பின்னால் நடக்கிறோம். மகன் ரயில் மாதிரி கூவுகிறான். நான் ஒரு சைக்கிள்மேல் மோதி, அதனிடமே மன்னிப்புக் கேட்கிறேன். மரத்தடியில் டப்பா இருக்கிறது, மரவட்டையும் சுருண்டு சௌக்கியமாக இருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தால், வேனில் வந்த ஒரு கூட்டமே எங்களைப் போலப் பின்னால் நடந்து வந்துகொண்டிருக்கிறது. முதலில் வந்து சேர்ந்தவர் மூச்சு வாங்கியபடி பயபக்தியோடு கேட்கிறார்:

“எந்த லிங்கம் வரைக்கும் இப்படி நடக்கணும்ங்க?”