அளவு மாறாத கவுன்

தீபாவளிக்கு மகளும் பேத்தியும் வந்திருக்கிறார்கள். படையலில் வைக்கும் சட்டையின் ஓரத்தில் மஞ்சள் தடவினேன். புதுத்துணியின் கஞ்சி வாசனையோடு மஞ்சள் சேர்ந்ததும் அம்மா நினைவு வந்துவிட்டது.

என் தங்கச்சி ஐந்து வயதில் காய்ச்சலில் செத்துப்போனாள். அதற்கப்புறம் ஒவ்வொரு தீபாவளிப் படையலிலும் அவளுக்கென்று அம்மா ஒரு கவுன் வைப்பாள். என் டவுசர் வருஷாவருஷம் நீண்டது. அவள் கவுன் அப்படியே இருந்தது.

"இன்னாம்மா, ஒரே அளவா வாங்கிக்கினு வர்ற?" என்றேன்.

"அவ இன்னா வளரவாடா போறா?" என்றாள்.

இந்தச் சட்டை, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் லீவுக்கு வந்து எங்களூர் ஏரியில் முழுகிப்போன பேரனுக்கு. குளிக்கக் கூட்டிப்போனவன் நான்தான். அன்றைக்கு அவன் போட்டிருந்த அளவிலேயே வாங்கியிருந்தேன்.

மகள் சட்டையை விரித்துப் பார்த்தாள்.

"பெரிசா வாங்கியிருக்கலாம்பா. இந்நேரம் வளந்திருப்பான்."