அஞ்சலாபீஸ் இருந்த நாடு

அப்பா திருவிதாங்கூர் அஞ்சலில் வேலை பார்த்தார். இந்தியத் தபால் வேறு, மகாராஜாவின் அஞ்சல் வேறு. எங்கள் சங்கு முத்திரைத் தபால்தலை சென்னைக்குச் செல்லாது என்று யாராவது கேலி செய்தால், "இங்கே செல்லுமே, அது போறாதோ?" என்பார்.

நாற்பத்தேழில் திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கும் என்று அறிவிப்பு வந்தது. கரமனையில் எங்கள் தெருவில் அதற்கு அப்பாவைப் போல மகிழ்ந்தவர்கள் அதிகமில்லை. அண்ணா அப்போது கல்லூரியில் படித்தான். அறிவிப்பை எதிர்த்து ஊர்வலம் போய், நெற்றியில் தடியடிக் காயத்தோடு வந்து நின்றான். அம்மா மஞ்சள் குழைத்துப் பற்றுப் போட்டாள்.

"இந்தச் சின்ன ராஜ்யம் இந்தியாவோட சேரணும்ப்பா. அப்புறம் இந்தியாவும் உலகத்தோட சேரணும். எல்லைன்னே ஒண்ணு இருக்கப்படாது" என்றான்.

"எல்லாரோடயும் சேர்ந்துண்டா, நாளைக்கு ஒரு தப்பு நடந்தா யார்கிட்டப் போய்க் கேப்பே? இங்கேன்னா நடந்து போய்க் கேக்கலாம், கேட்டியோ."

அண்ணா நெற்றியைத் தொட்டுக் காட்டினான். "நடந்து போய்த்தான் கேட்டேன்."

அப்பா உள்ளே போய்விட்டார்.

சில வாரங்களில் ராஜ்யம் இந்தியாவோடு இணைந்தது. பிறகு கொச்சியோடு சேர்த்தார்கள். ஐம்பத்தொன்றில் அஞ்சலும் இந்தியத் தபாலுக்குள் கரைந்தது. அப்பாவுக்கு வேலை போகவில்லை. ஆனால் அலுவலகத்து முன்னால் மாட்டிய புதுப் பலகையை அவர் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயம் சொல்ல ஆள் இருந்தார்கள், எங்கள் வீட்டில் அண்ணா. போனதை நினைத்து வருத்தப்படத்தான் அப்பாவுக்குத் துணையில்லை. நான் மனதுக்குள் அவர் பக்கம்தான். பெண்ணான என்னை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அண்ணாவுக்கு லண்டனில் வேலை கிடைத்தது. "உலகமே ஒரு வீடுதான்ம்மா, நான் அடுத்த அறைக்குப் போறேன்" என்று அம்மாவைச் சிரிக்க வைத்துவிட்டுக் கிளம்பினான்.

ஐம்பத்தைந்தில் அம்மா காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. கடைசியில் அண்ணாவின் பெயரைச் சொல்லி, "அடுத்த அறையிலேதானே இருக்கான், கூப்பிடேன்" என்றாள் என்னிடம். அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. தந்தி போய், கப்பல் பிடித்து, அவன் வருவதற்கு ஏது நேரம்? பிள்ளை போட வேண்டிய கொள்ளியை அப்பாவே போட்டார்.

வருஷத் திதிக்கு அண்ணா வந்தான். அதற்குச் சற்று முன்புதான் மொழிவாரியாகப் பிரித்து, அம்மா பிறந்த நாகர்கோவிலைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்த்திருந்தார்கள். நாங்கள் கேரளத்தில். அப்பாவோடு இத்தனை காலம் ஒரே மேஜையில் வேலை பார்த்த மலையாளி நண்பர்கூட, "தான் இனி அங்ஙோட்டு போகுன்னில்லே?" என்று, இனி நீ அந்தப் பக்கம் போகவில்லையா என்று கேட்டாராம். அவர் விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். அப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

திதி முடிந்து உட்கார்ந்திருந்தோம். அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இங்கேயே இருந்துடேன். நான் ஒண்ணும் பறைய மாட்டேன். ஒன் இஷ்டப்படி இரு."

அண்ணா தலையைக் குனிந்துகொண்டான். "முடியாதுப்பா. நான் அந்த நாட்டுப் பிரஜையாப் பதிஞ்சுண்டாச்சு. வேலைக்கு அதுதான் சௌகரியம். மத்தபடி நான் மாறல்லையே."

அப்பா கோபிப்பார் என்று நினைத்தேன்.

"எனக்கு இருந்த நாட்டை அவா எடுத்துண்டுட்டா. நானாக் கொடுக்கல்லை" என்றார். "நீ ஒன்னோடதை நீயே கொடுத்துட்டு வந்திருக்கே."

அம்மா போனபோதுகூட அழாதவர், அங்கவஸ்திரத்தை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். அண்ணா எழுந்து பக்கத்தில் போனான். தொடத் தெரியாமல் நின்றான். எல்லைகளே வேண்டாம் என்றவனுக்கு அந்த இரண்டடியைக் கடக்க முடியவில்லை.

அவன் திரும்பிப் போன அன்று அப்பாவும் தம்பானூர் ஸ்டேஷனுக்கு வந்தார். ரயில் போனதும் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம்.

"அங்கே அவனுக்கு ஒரு குழந்தை பொறந்தா, அது நம்மகிட்ட என்ன பாஷை பேசும்?" என்று கேட்டார்.

"தெரியல்லைப்பா" என்றேன்.

கரமனை பஸ் வந்தது. அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.