கத்தாமல் பேசினால் கேட்கும்

குழந்தைகளிடம் 'தொடாதே' என்று சொல்லக் கூடாது என்பதுதான் என் வேலையின் முதல் விதி. நாகர்கோவிலில், எதையும் தொட்டும் திருகியும் பார்க்கிற சிறுவர் அருங்காட்சியகத்தில் நான் வழிகாட்டி. சின்னப் பிள்ளைகளோடு இப்படியோர் இடத்துக்கு ஒருமுறையாவது போயிருந்தால் நீங்களும் என் கட்சிதான்.

அடி வாங்கிய கை

திருவட்டாறிலிருந்து வந்த ஓர் அம்மா, பல்சக்கரத்தை நோக்கி மகன் கை நீட்டியதும் பட்டென்று ஒன்று வைத்தார். "தொடலாம்க்கா, தொடத்தான் வெச்சிருக்கோம்" என்று 'தொட்டுப் பார்க்கவும்' பலகையைக் காட்டினேன். சந்தேகத்தோடு இரண்டு தடவை வாசித்தார். பிறகு மகனை ஓரமாக நிறுத்திவிட்டுத் தானே சுற்ற ஆரம்பித்தார். பத்து நிமிடமாகியும் விடவில்லை. பையன் என்னிடம் வந்து முறையிட்டான்: "மிஸ், எங்க அம்மைட்ட தொடாதேன்னு சொல்லுங்க."

காதைக் கிழித்த தட்டு

எங்கள் கூடத்தின் இரண்டு முனைகளிலும் ஆள் உயரத்துக்கு ஒவ்வொரு குழிந்த உலோகத் தட்டு நிற்கிறது. ஒன்றில் முகத்தை வைத்து முணுமுணுத்தால் மற்றதில் கேட்கும். எனக்கு அங்கே ரொம்பப் பிடித்ததே அதுதான். ஆனால் வருகிற பிள்ளைகள் முணுமுணுத்தால்தானே? ஒரு தட்டுக்குப் பின்னாலேயே மானேஜரின் அறை. "சனிக்கிழமைக்குள்ள சத்தம் கொறையல்லேன்னா திங்கக்கிழமை கழட்டிரலாம். அங்க ஒரு செல்ஃபி பாயின்ட் வைப்போம்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. 'கத்தாமல் பேசினால் கேட்கும்' என்று எழுதித் தொங்கவிட்டு, வாரம் முழுக்கக் காவல் நின்றேன். வெள்ளிக்கிழமை கடியப்பட்டணத்திலிருந்து வந்த ஏழு வயதுச் சிறுமி, தட்டு அதிரக் கத்தினாள். பலகையை வாசித்துக் காட்டினேன். என் அறியாமைக்கு இரங்கியவளாகச் சொன்னாள்: "எங்க ஊருல கடல் எரச்சலுக்கு மேல பேசணும் மிஸ். மெதுவா பேசுனா யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாவ."

கடைசி நாள்

சனிக்கிழமை சாயங்காலம் ஓர் இளம் தம்பதி நான்கு வயது மகளோடு வந்தார்கள். அப்பா துபாயிலிருந்து மூன்று வருஷம் கழித்துப் போன வாரம்தான் வந்திருக்கிறார். அந்தக் குழந்தைக்குப் போனில் பேசுகிற அப்பாவைத்தான் தெரியும். நேரில் நிற்கிற ஆளைக் கண்டால் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்கிறாள். "கிட்ட போனாலே அழுகா" என்றார் மனைவி. கணவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்பாவை ஒரு தட்டில் நிறுத்தினேன், மகளை மறு தட்டில். ஒருவருக்கொருவர் முதுகுதான். மானேஜர் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அப்பாவுக்குக் கத்தவா வரும்? தட்டில் முகத்தை வைத்து மெதுவாக, "மக்கா, அப்பா பேசுகேன்" என்றார். பிள்ளையின் முகம் மலர்ந்தது. தினமும் போனில் கேட்பதை அதே மெல்லிய குரலில் தட்டிடம் கேட்டாள், "அப்பா, எப்பம் வருவிய?"

அவர் திரும்பிக் கூடத்தைக் கடந்து நடந்து வந்தார். இந்தத் தடவை அவள் ஒளியவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், மானேஜரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அறைக்குள் போகுமுன் சொன்னார்: "கழட்டுக ஆளுட்ட திங்கக்கிழமை வரண்டாம்னு சொல்லிருங்க."

தட்டு தப்பியது, நானும் தப்பினேன். மானேஜரின் காதுக்குத்தான் இன்னும் விடிவுகாலம் வரவில்லை.