முருகனுக்கு எக்ஸ்-ரே

போன புதன்கிழமை முருகனுக்கு எக்ஸ்-ரே எடுத்தார்கள்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில், இரண்டாம் மாடி அபார்ட்மென்ட் ஒன்றில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் சுவரில் அடித்திருந்த சாமித்தட்டுக்கு முன்னால் நடந்தது. எடுத்தவர் கரோலின் என்கிற கியூபெக் பெண்மணி. பொதுச் சுகாதாரப் பிரிவிலிருந்து வந்தவர். கையில் தலைமயிர் காயவைக்கும் டிரையர் போல ஒரு கருவி. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் வீட்டுக்காரி சுகந்தியும் நானும்.

எனக்கு அங்கே என்ன வேலை? தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். எழுத்து மட்டும் சோறு போடாது என்பதால், பிரெஞ்சு தெரியாத நம்மவர்களுக்கு மொழிபெயர்க்கவும் போய் வருகிறேன். ஆஸ்பத்திரி, கோர்ட், பள்ளிக்கூடம்... இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தேநீர் குடிப்பேன். அன்றைக்குத் தேநீர் இறங்கவில்லை.

அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது என் வேலையின் விதி. ஆனால் எழுதச் சொன்னதே சுகந்திதான். "பேரை மாத்திப்போட்டு எழுதுங்கோ அக்கா. நாலு சனம் அறியட்டும்" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சுகந்தியின் மகள் ஆதிரைக்கு நாலு வயது. ஒரே பிள்ளை. பேச்சு வரச் சுணங்கியது. வீட்டில் தமிழ், கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் பிரெஞ்சு, டிவியில் இங்கிலிஷ் — மூன்று மொழிக்குள் பிள்ளை குழம்புது, தானாக வரும் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். கொஞ்சம் வரவும் செய்தது. 'அப்பா', 'தா', 'வேண்டாம்', 'அங்க பார்'... பிறகு, இந்த வருடம், வந்த சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போகத் தொடங்கின. கூடவே வயிற்றுக்குத்து. சாப்பாடு வேண்டாம். முகம் வெளிறிப்போய் ஒரு மூலையில் இருப்பாளாம். கார்டெரி டீச்சர்தான் முதலில் பயந்து டொக்டரிடம் அனுப்பினார். இரத்தத்தைச் சோதித்தார்கள்.

ஈயம்.

சின்னப் பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் எப்படி வரும்? வீட்டில் ஒருவரும் அதிகம் யோசிக்கவில்லை. ஏனென்றால் பதில் தயாராக இருந்தது. தகப்பன் தவம் வேலை செய்வது துறைமுகத்துக்குக் கிட்ட, கிழக்குப் பக்கத்தில், பழைய உலோகம் தரம் பிரிக்கும் ஒரு கிடங்கில். செம்புக் கம்பி, பித்தளைக் குழாய், செத்துப்போன கார் பேட்டரி — எல்லாம் அங்கே வரும். உடுப்பில் ஒட்டிக்கொண்டு வரும் தூசிதான் என்று சொந்தக்காரர் எல்லோரும் தீர்ப்பெழுதிவிட்டார்கள். தவமும் அப்பீல் செய்யவில்லை.

முதலில் வாசலிலேயே உடுப்பை மாற்றிப் பார்த்தார். பிறகு வேலையிடத்திலேயே குளித்துவிட்டு வந்தார். அதுவும் போதாதென்று ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யிலுள்ள நண்பரின் பேஸ்மென்ட்டுக்குப் போய்விட்டார். ஒருவரும் போகச் சொல்லவில்லை. ஒருவரும் நில் என்றும் சொல்லவில்லை. அதன் பிறகு மகளைப் பார்த்ததெல்லாம் போன் திரையில்தான்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் இரத்தம் எடுத்தார்கள். குறைந்திருக்க வேண்டும், இல்லையா? கூடியிருந்தது.

அப்போதும் சுகந்திக்கு வேறு சந்தேகம் வரவில்லை. "களவா வந்து கார்டெரி வாசல்ல பிள்ளையைத் தூக்கிறார் போல" என்று தமையனிடம் சொல்லியிருக்கிறாள். தமையன் போன் எடுத்துத் தவத்தைக் கிழிகிழியென்று கிழித்தாராம். தவம் சாமிமேல் சத்தியம் செய்தார். எந்தச் சாமிமேல் என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் கரோலின் அந்த டிரையரோடு வந்தார்.

அது எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, பொருளில் செம்பு, ஈயம் என்று என்னென்ன மூலகம் எவ்வளவு இருக்கிறது என்று நொடியில் திரையில் காட்டும் கருவி. வெட்டவும் வேண்டாம், கரைக்கவும் வேண்டாம். சுகந்தி அதைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனாள். "உதென்ன அக்கா, துவக்கு மாதிரி!" வன்னியில் போருக்குள் வளர்ந்தவள், கண்ணுக்குத் துப்பாக்கியாகத்தான் தெரியும். நான் மொழிபெயர்த்ததும் கரோலின் கருவியைக் கீழே வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

பிறகு வீடு முழுக்கச் சுட்டார். ஆமாம், அந்தத் தொழிலில் 'சுடுவது' என்றுதான் சொல்வார்களாம். ஜன்னல் பெயின்ட், கதவு நிலை, விளையாட்டுச் சாமான், மேலாடைகள் தொங்கும் அலுமாரி. தவத்தின் பழைய வேலைச் சப்பாத்தை மட்டும் மூன்று தரம் சுட்டார். அடியில் கொஞ்சம் இருந்தது. ஆனால் அது பல்கனியில் பெட்டிக்குள் கிடந்தது. கறித்தூள், மஞ்சள், குங்குமம் எல்லாம் சுத்தம். குழாய்த் தண்ணீரை ஏற்கனவே ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பார்த்திருந்தார்கள். அதுவும் சுத்தம்.

இடையில், பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, இந்தக் கருவி வேறு எங்கே பயன்படும் என்று கேட்டேன். கரோலினுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மியூசியத்தில் பழைய ஓவியத்தின் வெள்ளைப் பூச்சு எந்தக் காலத்தது என்று பார்ப்பார்களாம். வடக்கே சுரங்கக்காரர்கள் பாறையில் செம்பிருக்கிறதா என்று பார்ப்பார்களாம். தோண்டியெடுத்த வெண்கலத்தை எந்த ஊர்க் கொல்லன் வார்த்தான் என்று தொல்லியல்காரர்கள் ஊகிப்பார்களாம். "ஓ, பழைய உலோகக் கிடங்குகளிலும் இதேதான்" என்றார். தவம் தினமும் கையில் பிடிப்பது இதே கருவியை. சுகந்திக்கு அதை மொழிபெயர்த்தேன்.

யோசித்துப் பாருங்கள். ஓவியம், பாறை, சிலை, இரத்தம் — ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத துறைகள். அந்தத் துறைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுகூட அபூர்வம். ஆனால் எல்லோரும் பொருளுக்கு முன்னால் குனிந்து கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதில் என்ன இருக்கிறது? நாம் கேட்பது வேறு. ஒரு வீட்டில் துன்பம் வந்தால் நம் முதல் கேள்வி — இதற்கு யார் காரணம்? ஆள் கிடைத்துவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். தவம் சுலபமாகக் கிடைத்தார்.

கடைசியில் மிஞ்சியது சாமித்தட்டு. "அதை விடச் சொல்லுங்கோ அக்கா" என்றாள் சுகந்தி. கரோலின் வற்புறுத்தவில்லை. "நான் என்ன செய்தால் அவருக்குச் சரியாக இருக்கும்?" என்று என்னிடம் கேட்டார். சுகந்தி கை கால் கழுவச் சொன்னாள். குளிருக்குப் போட்டிருந்த கம்பளிக் காலுறையைக் கழற்றி, குளியலறையில் கால் கழுவி, வெறும் காலோடு வந்து நின்றார் அந்த மனுஷி.

ஆறங்குலம் உயரத்தில் பஞ்சலோக முருகன். போன வருடம் தமையன் இந்தியாவுக்கு யாத்திரை போனபோது, 'பேசாத பிள்ளையைப் பேசவைப்பான்' என்று மருமகள் ஆதிரைக்காகவே வாங்கி வந்தது. கரோலின் கருவியைக் கிட்டக் கொண்டுபோனார். திரையில் எண்கள் ஓடி நின்றன. ஒரு தரம் பார்த்தார். திரும்பச் சுட்டார். பிறகு, மெதுவாக, "இதை யாராவது வாயில் வைப்பதுண்டா?" என்று கேட்டார்.

மொழிபெயர்த்தேன். சுகந்தி சிரித்துவிட்டாள். "சாமியை ஆர் வாயில வைக்கிறது?"

சிரிப்பு முடியுமுன்னே என் கண் முருகனின் காலடிக்குப் போனது. அவர் நின்றுகொண்டிருந்தது ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில். கணுக்கால் வரைக்கும் ஏதோ மஞ்சளாக...

"சுகந்தி, உதென்ன கிண்ணத்துக்குள்ள?"

"அபிஷேகத் தீர்த்தம் அக்கா. தேசிக்காய்ப் புளி, தேன், டின் இளநீர். ஒவ்வொரு நாளும் செய்யிறனான். பிள்ளைக்குப் பேச்சு வரவேணுமெண்டு நேர்த்தி."

"எப்ப குடுக்கிறனீர்?"

"விடிய அஞ்சரைக்கு அபிஷேகம். அப்ப அவள் நித்திரை. நானும் வேலைக்கு ஓடவேணும். அப்பிடியே விட்டிட்டுப் போனா, பின்னேரம் கார்டெரியால வந்தோடன கையில விடுவன். ஆசையாக் குடிப்பாள். இவர் போனாப்பிறகு ரெண்டு கை குடுக்கிறன்."

ஊரில் என்றால் அபிஷேகம் முடிந்த கையோடு தீர்த்தம் கொடுத்துவிடுவார்கள். சாமியைத் துடைத்து, பொட்டு வைத்து, இடத்தில் வைத்துவிடுவார்கள். மொன்றியலில் ஷிஃப்ட் விடாது. ஆகவே முருகன் காலையிலிருந்து மாலைவரை தேசிக்காய்ப் புளியில், அதாவது எலுமிச்சைச் சாற்றில், ஊறிக்கொண்டு நின்றார். ஒரு வருடமாக. புளி உலோகத்தை என்ன செய்யும் என்பது பித்தளைப் பாத்திரம் தேய்த்த எல்லோருக்கும் தெரியும்.

பஞ்சலோகத்தில் என்னென்ன என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம். ஒளிவுமறைவே இல்லை. கரோலினின் திரையில் பொன் இல்லை. வெள்ளியும் இல்லை. விற்றவன் அதிலெல்லாம் கைவைத்துவிட்டான். ஈயத்தில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

இனி நான் இதைத் தமிழில் சொல்ல வேண்டும். நல்ல மொழிபெயர்ப்பாளர் எதையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் வேலையை நான் அவ்வளவு வெறுத்ததில்லை.

சுகந்தி அழவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இண்டையோட நிப்பாட்டினா பேச்சு வருமோ எண்டு கேளுங்கோ" என்றாள்.

இரத்தத்திலிருந்து மெல்ல மெல்ல இறங்கும், எலும்பில் போய்ச் சேர்ந்தது பல வருடம் இருக்கும், மூளைக்கு என்ன நடந்தது என்று இப்போது சொல்ல முடியாது, பேச்சு முன்பே சுணங்கியதால் எது எதனால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது — கரோலின் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், "பார்ப்போம்" என்றார். பிரெஞ்சில் அது இன்னும் சின்னச் சொல்.

"இவருக்குச் சொல்லாதேங்கோ அக்கா" என்றாள் சுகந்தி. நான் வாயைத் திறக்குமுன் அவளே தவத்துக்குப் போன் எடுத்தாள். "வாங்கோ" என்ற ஒரே சொல்லோடு வைத்துவிட்டாள்.

கரோலின் முருகனைப் பையிலிட்டு, லேபிள் ஒட்டி எடுத்துக்கொண்டு போனார். நான் போயிருக்கலாம். என் நேரம் முடிந்திருந்தது. ஆனால் சுகந்தியைத் தனியே விட மனம் வரவில்லை.

தவம் லொங்குய்யிலிருந்து மஞ்சள் லைன் மெட்ரோ பிடித்து, இடையில் மாறி வந்து சேர்ந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, பழக்கதோஷம், ஜாக்கெட்டைக் கழற்றிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். சுகந்தி அங்கேயே, கதவைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நானாய் இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும், சுகந்தி" என்றார். "நான் போனோடனயே நிண்டிருக்கும் எல்லோ."

அப்போதுதான் சுகந்தி அழுதாள்.

பக்கத்து வீட்டுப் பெண் ஆதிரையைக் கார்டெரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை தகப்பனைப் பார்த்தாள். 'அப்பா' என்று சொல்வாள் என்று நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். காலணியைக்கூடக் கழற்றாமல் நேரே சாமித்தட்டுக்குப் போனாள். வெறும் தட்டுக்கு முன்னால் நின்று, இடக்கையை விரித்து, அதன்மேல் வலக்கையைக் குழித்து நீட்டினாள். சொல்லிக்கொடுத்தபடி, அவ்வளவு ஒழுங்காக.

"தீத்தம்" என்றாள்.

அந்தச் சொல் மட்டும் போகவில்லை.

தவம் குசினிக்குப் போய் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்தார். தன் கையை இரண்டு தரம் கழுவியிருந்தார். முழந்தாளிட்டு அந்தச் சின்னக் கைக்குள் ஊற்றினார். ஒரு மிடறு குடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு மிச்சத்தை நிலத்தில் ஊற்றிவிட்டு, மறுபடியும் கையை நீட்டினாள்.

வெறும் குழாய்த் தண்ணீர். அதில் ஒன்றுமே இல்லை — அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.