மூன்று நிமிட ஜாஃபர்

ஓர் அண்ணன் தன் ஒரே தங்கையின் கல்யாணத்தைப் பார்க்கவிடாமல் செய்தவள் நான். அவன் பார்த்தான் என்று ஒரு மண்டபத்தையே நம்பவைத்தவளும் நான்தான்.

சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்னைத் திட்டலாம். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். நடுவில் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கே இன்னும் வருகிறது. சிரிப்பு வருவதுதான் எனக்குப் பெரிய பேஜாராக இருக்கிறது.

என் பெயர் மேரி, சொந்த ஊர் திண்டிவனம். என்னோடு கல்லூரியில் படித்த சுகுமாரும் நானும் விழுப்புரத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் அறை பிடித்துச் செயலி எழுதுகிறோம். கைபேசியில் இருப்பதை டிவியில் காட்டும் செயலி. 'அதான் டிவியிலேயே வருதே' என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. எங்களுடையது வேறு ரகம். மூன்று கைபேசிகள் மூன்று ஊரில் இருந்தாலும், மூன்றின் படத்தையும் ஒரே திரையில் பக்கம் பக்கமாக உட்காரவைக்கும். அது முதன்முதலாக ஒழுங்காக ஓடிய அன்று, நாங்கள் இருவரும் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, கடையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தோம். எதற்கு டீ என்று அவர்களுக்குத் தெரியாது. அப்படியொரு பைத்தியம் எங்களுக்கு.

எங்கள் முதல் வாடிக்கையாளர் கோட்டக்குப்பத்து வஹீதாம்மா. கணவர் இறந்து பல வருடமாகிறது. மகன் ஜாஃபர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். மகள் நஸ்ரினுக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நிக்காஹ் நாளுக்கு ஜாஃபருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. தன் இடத்தில் தாய்மாமன் இருந்து நடத்தட்டும் என்று பெரியவர்களிடம் போனில் முறையாகச் சொல்லிவிட்டான். ஆகவே நிக்காஹில் ஒரு குறையும் இல்லை. அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: பார்க்க வேண்டும்.

அவர்கள் கல்யாணத்தில் ஆண்கள் ஒரு கூடம், பெண்கள் ஒரு கூடம். நிக்காஹ் ஆண்கள் பக்கம் நடக்கும். பெண்களுக்கு ஒலிபெருக்கிச் சத்தம் மட்டும்தான். எங்கள் செயலிக்கென்றே செய்துவைத்தது போன்ற வழக்கம்! பெண்கள் கூடத்தில் ஒரு பெரிய டிவி. இடப்பக்கம் நிக்காஹ், வலப்பக்கம் ஷார்ஜாவிலிருந்து ஜாஃபர். அவனுக்கோ அங்கே இரண்டு கூடமும் தெரியும்.

"சும்மா போன்ல வீடியோ கால் போட்டு நீட்டிக்கினு நின்னா போதாதாம்மா?" என்று வஹீதாம்மா கேட்டார்.

"போதாதும்மா. உங்க புள்ள டிவியில ஜம்முனு உக்காந்திருப்பாரு பாருங்க" என்றேன்.

அந்தக் கேள்வியை நினைவில் வையுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நான்தான் அதை மறக்க முடியாமல் கிடக்கிறேன்.

முதல்நாள் ஒத்திகை பார்த்தோம். ஜாஃபருக்குக் கடுமையான ஜலதோஷம். நீல பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். "தம்பி, கேக்குதா?" என்றேன். தலையாட்டினான். "இப்ப?" மறுபடியும் ஆட்டினான். "கொஞ்சம் சிரிங்க. கை ஆட்டுங்க." எல்லாம் செய்தான். நடுநடுவே கைக்குட்டையால் மூக்கையும் கண்ணையும் துடைத்துக்கொண்டான். மூன்று நிமிடம். ஒவ்வொரு ஒத்திகையையும் நாங்கள் சத்தமில்லாமல் படமாக மட்டும் பதிவுசெய்து வைப்போம், பிழை எங்கே என்று பிறகு பார்ப்பதற்காக.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதை எங்கள் தொழிலில் யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். வாங்க வந்தவர் முன்னால் இணையம் காலை வாரினால் என்ன செய்வது? அதற்காக ஒரு ரகசிய விசை வைத்திருப்போம். எங்கள் செயலியில் மூலையிலிருக்கும் சின்னத்தை மூன்றுமுறை தட்டினால், இணையமோ பெரிய இடமோ கேட்காமல், கடைசியாகப் பதிவானது ஓடும். மேலே சிவப்பில் 'நேரலை' என்ற எழுத்தும் மின்னும். ஆம், அந்த எழுத்தையும் மின்னவைத்தவள் நானே.

இத்தோடு விட்டேனா... ஒத்திகை முடிந்து சுகுமார் போனபிறகு எனக்கு ஓர் ஆசை வந்தது. கல்யாணத் திரை இப்படி மொட்டையாக இருக்கலாமா? ரோஜா இதழ்கள் உதிர்வது போல ஒன்று சேர்த்தேன். முதல்நாள் எதிலும் கைவைக்கக்கூடாது என்பது எங்களுக்குள் பேசிவைத்த சட்டம். சட்டத்தைப் போட்டதும் நான், மீறியதும் நான். சுகுமாரிடம் மூச்சுவிடவில்லை.

கல்யாண நாள்! பெண்கள் கூடத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஜரிகையும் அத்தரும் மல்லிகையும் பிரியாணி வாசமுமாக, முந்நூறு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவே நஸ்ரின், மருதாணிக் கையை மடியில் வைத்தபடி. டிவிக்குப் பக்கத்தில் ஒரு தாங்கியில் கைபேசியை நிறுத்தினேன், அவன் இவர்களைப் பார்க்க. இன்னொரு கைபேசி என் கையில், எல்லாவற்றையும் இயக்க. சுகுமார் ஆண்கள் பக்கம்.

இதழ்கள் உதிர்ந்தன. கூடமே "ஹா" என்றது. அந்த ஒரு நொடி நான் வானத்தில் இருந்தேன்.

அடுத்த நொடி வலப்பக்கம் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. இதழ்கள் டிவியின் நினைவகத்தையெல்லாம் தின்றுவிட்டன, ஜாஃபருக்கு இடமில்லை, அவனோடிருந்த இணைப்பே அறுந்துவிட்டது. ஆனால் இதழ்கள் மட்டும் ஜோராக உதிர்ந்துகொண்டே இருந்தன. என் அவசரத்துக்கு எந்த விசையும் மசியவில்லை.

"எங்கடி என் புள்ள?" என்றார் வஹீதாம்மா, முன்வரிசையிலிருந்து.

என் கையில் கைபேசி இருந்தது. அவன் எண் இருந்தது. ஒரு வீடியோ கால்... அவ்வளவுதான். 'செயலி படுத்துவிட்டது அம்மா, இதிலே பேசுங்கள்' என்று நீட்டியிருந்தால், கொஞ்சம் வெட்கத்தோடு போயிருக்கும். முந்நூறு பேர் முன்னால் அந்த வெட்கத்தை என்னால் பட முடியவில்லை. மூலையிலிருந்த சின்னத்தை மூன்றுமுறை தட்டினேன்.

ஜாஃபர் வந்தான். சிரித்தான். கையாட்டினான். கூடம் ஆர்ப்பரித்தது.

"அழுவுறான் பாரு" என்றார் ஒரு பெரியம்மா, அவன் மூக்கைத் துடைத்தபோது. உடனே ஐம்பது பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். தன் மருமகளை ஒருத்தி கிள்ளி, "உன் அண்ணன் உனக்கு இப்டி அழுதானாடி?" என்று கேட்டாள். சிரிப்பும் அழுகையுமாக அப்படியொரு கொண்டாட்டம்! நானும் அழுதேன். எதற்காக அழுதேன்? எனக்கே விளங்கவில்லை.

வஹீதாம்மாவுக்கு மட்டும் ஒரு சிறு குறை. "நான் குடுத்தனுப்புன வெள்ளச் சட்டையப் போட்டுக்கலையே. பனியனோட உக்காந்துக்கினு இருக்கான் பாரு, இன்னா புள்ள இவன்."

மூன்று நிமிடம் முடிந்தால் படம் முதலிலிருந்து தொடங்கும். அந்த இடத்தில் ஜாஃபர் துள்ளுவான். அதை மறைக்க, ஒவ்வொரு முறையும் சரியாக அந்த நொடியில் ஒரு கொத்து இதழைக் கொட்டவைத்தேன். ஆக, பாழாய்ப்போன இதழ்கள் ஒரு வேலைக்கு உதவின. நொடியை எண்ணிக்கொண்டே நின்றேன். நடுவே என் கைபேசியில் அவனிடமிருந்து செய்திகள் வந்தன. 'அக்கா படம் வரல.' 'அக்கா, ஆரம்பிச்சிட்டாங்களா?' 'அக்கா...' நான் அவற்றை ஒதுக்கித் தள்ளினேன். தள்ளாவிட்டால் நொடி தப்பிவிடும்.

இடப்பக்கத்தில் நிக்காஹ் முடிந்தது. நஸ்ரின் எழுந்து டிவிக்கு அருகில் வந்தாள். திரையிலிருந்த அண்ணனின் முகத்தருகே குனிந்து மெல்ல ஏதோ சொன்னாள். நூற்று எழுபத்தெட்டு, நூற்று எழுபத்தொன்பது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். காதில் எதுவும் ஏறவில்லை. இதழ்கள் கொட்டின. படம் முதலிலிருந்து தொடங்கியது. 'கேக்குதா' என்ற என் பழைய கேள்விக்கு ஜாஃபர் தலையாட்டினான். ஒருமுறையல்ல, இருமுறை.

நஸ்ரினின் முகம் மலர்ந்ததே... அதுபோல ஒரு மகிழ்ச்சியை நான் யார் முகத்திலும் கண்டதில்லை. அதை உண்டாக்கியவள் நான் என்று அன்று பெருமைகூடப் பட்டேன். இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன்.

மாலையில் ஜாஃபர் அழைத்தான். எடுத்ததும் சமாதானம் சொல்லத் தொடங்கினேன். அவன் நிறுத்தினான்.

"அம்மா பேசுனாங்கக்கா. ஏன்டா வெள்ளச் சட்ட போடலன்னு கேட்டாங்க." ஒருமுறை தும்மிவிட்டுச் சொன்னான்: "நான் அந்தச் சட்டையப் போட்டுக்கினுதான் ஒரு மணி நேரம் போன பாத்துக்கினு உக்காந்திருந்தேன்."

மறுபடியும் சமாதானம் சொல்லப் போனேன், மறுபடியும் நிறுத்தினான்.

"பெருநாளுக்கு வெச்சிருக்கேன்னு சொல்லிட்டேன். அம்மா அவ்ளோ சந்தோசமா இருக்காங்க. நீங்க எதுவும் சொல்லிக்காதீங்கக்கா." பிறகு கேட்டான்: "நஸ்ரின் என்கிட்ட இன்னாமோ சொன்னாளாமே, நான் தலையாட்டுனனாமே. இன்னா சொன்னா?"

"தெரியாது தம்பி" என்றேன். அன்று முழுவதும் நான் சொன்ன ஒரே உண்மை அது.

அதன்பிறகு எங்களுக்கு நல்ல காலம். அந்தக் கல்யாணத்தைப் பார்த்தவர்கள் வழியாக விழுப்புரம், செஞ்சி, கோட்டக்குப்பம் என்று கல்யாணங்கள் வந்தன. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சுகுமார், அண்ணன் திரையில் அழுத கதையைக் கண்கலங்கச் சொல்கிறான். இன்றுவரை அவனுக்குத் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன். இதழ்களைத் திருத்தி எழுதிவிட்டேன். இப்போது யாரையும் அவை விழுங்குவதில்லை. உதிரும்போதெல்லாம் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். வெட்கம்கெட்ட மகிழ்ச்சி, ஆனால் மகிழ்ச்சிதான்.

மறுவருடம் ஜாஃபர் விடுப்பில் வந்தான். வந்த நாள் முதல் எங்கும் சாப்பாடு, சிரிப்பு. நஸ்ரினுக்கு அவன் வளையல் வாங்கி வந்திருந்தான், மிக்ஸி வாங்கி வந்திருந்தான், மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம். அவள் சொன்னது இவற்றில் ஏதேனும் ஒன்றாக இருக்கும் என்ற கணக்கு. ஒவ்வொன்றுக்கும் அவள் சந்தோஷமாகச் சிரித்தாள், வேறெதையும் சொல்லவில்லை. அவளிடம் கேட்கவும் அவனால் முடியவில்லை. அன்று காதில் விழுந்து தலையாட்டியவன் இப்போது எப்படிக் கேட்பான்?

திரும்பிப் போகும் நாளில், விமான நிலையம் போகிற வழியில், திண்டிவனத்தில் நஸ்ரின் வீட்டில் மதியச் சாப்பாடு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் வந்தே ஆகவேண்டும் என்றாளாம் நஸ்ரின், அண்ணனைக் கல்யாணத்துக்குக் கொண்டுவந்தவள் நான் என்பதால். சாப்பிட்டு, கேலிபேசி, படமெடுத்து எல்லாம் முடிந்தது. கார் வாசலில் நின்றது. வஹீதாம்மா பெட்டியைப் பார்த்து நின்றார்.

நஸ்ரின் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "அப்ப நெசமாவே போறியாண்ணே?"

"போயித்தான் ஆவணும், நஸ்ரி."

"கல்யாணத்தன்னிக்கு டிவியில உன்கிட்ட, அடுத்த தடவ வந்தா திரும்பிப் போவாதன்னு சொன்னேன். நீ சரின்னு தலையாட்டுன. ரெண்டு வாட்டி ஆட்டுன." அவள் சிரிப்பு அப்படியே இருக்க, கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "நானும் வருசம் முழுக்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன்."

ஜாஃபர் என்னைப் பார்த்தான். கோபமில்லை, சும்மா பார்த்தான். வஹீதாம்மா பக்கத்திலேயே நின்றார். நான் வாயைத் திறக்க அது போதுமான நேரம். ஒரு வாக்கியம் போதும். 'நஸ்ரின், அது அவனல்ல'... அவ்வளவே.

நான் திறக்கவில்லை.

"ஆமா, ஆட்டுனேன்" என்றான் ஜாஃபர். "என் தப்புதான். மன்னிச்சிக்கோ."

வாக்குத் தவறிய அண்ணனாகக் காரில் ஏறிப் போனான். நஸ்ரின் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.